காசு கொடுத்து வாங்கினவனுக்கு மட்டும் ஓடாத கேம்

"பழைய கேமா? புது விண்டோஸ்ல அதெல்லாம் ஓடாதுப்பா. தூக்கிப் போட்டுட்டு புதுசு ஒண்ணு வாங்கிக்கோ."

ரிப்பேர் கடையில் கேட்டாலும் இதே பதில். பி.சி.ஏ. படிக்கிற நண்பனிடம் கேட்டாலும் இதே பதில். கேமை விற்ற கம்பெனிக்கு மெயில் போட்டால் இதையே கொஞ்சம் மரியாதையான இங்கிலீஷில் அனுப்புவார்கள். எல்லாரும் ஒரே குரலில் சொல்வதால் அது உண்மையாகிவிடுமா என்ன? ஆகாது மக்களே. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வசனத்தோடுதான் சண்டை.

கேம் என்ன தோசை மாவா, ரெண்டு நாளில் புளித்துப்போக? 2003-ல் சி.டி.யில் எழுதின ஒன்றும் சைபரும் இன்றைக்கும் அதே ஒன்றும் சைபரும்தான். அது ஓடவில்லை என்றால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. பல சமயம் அந்தக் காரணத்தை உள்ளே வைத்த ஆளுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. "பழசு" என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் அந்த வார்த்தையின் வேலை.

எங்கள் வீட்டு விஷயம் ஒன்று சொல்கிறேன். சித்தப்பா எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தார். 2006-ல் தீபாவளி போனஸ் வந்ததும் ஒரு கார் ரேஸ் கேமை ஒரிஜினலாக, 999 ரூபாய்க்கு, பில்லோடு வாங்கினார். அந்தக் காலத்து 999. சித்தி ஒரு வாரம் பேசவில்லையாம். அதே கேமை எதிர்வீட்டு அண்ணன் பர்மா பஜாரில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கினார். பர்மா பஜார் தெரியாதவர்களுக்கு: பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, ராஜாஜி சாலை ஓரமாக, பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் மக்களுக்காக 1969-ல் உருவான கடைவரிசை. ராயபுரத்திலிருந்து நடந்தே போகலாம். 2000-களில் வடசென்னைப் பையன்களுக்கு கேம் என்றால் அங்கே வாங்கும் பிளாஸ்டிக் கவர் சி.டி.தான்.

இப்போது என் லேப்டாப்பில் விண்டோஸ் 11. சித்தப்பாவின் ஒரிஜினலை இன்ஸ்டால் செய்து டபுள் கிளிக் செய்தால் வட்டம் ஒரு நொடி சுற்றுகிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு எர்ரர் மெசேஜ் கூடக் கிடையாது. எதிர்வீட்டு அண்ணன் அவர் பெட்டியில் அவருடைய ஐம்பது ரூபாய் சி.டி.யைப் போட்டுக் காட்டினார். அதுவும் விண்டோஸ் 11-தான். ஜம்மென்று ஓடுகிறது. "இன்னாபா, ஒங்க சித்தப்பா பில்லை பிரேம் போட்டு மாட்டிக்க சொல்லு" என்று நக்கல் வேறு. கேம் பேரும் கம்பெனி பேரும் வேண்டாம். பத்து கம்பெனிகளில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், கதை மாறாது.

ரெண்டு சி.டி.க்கும் ஒரே வயசு. ரெண்டிலும் ஒரே கேம். பழசு என்பதுதான் காரணம் என்றால் ரெண்டும் சேர்ந்தல்லவா செத்திருக்க வேண்டும்?

செத்தது பூட்டு. 1990-களின் கடைசியிலிருந்து 2008 வாக்கு வரை நிறைய கேம்களில் சேஃப்டிஸ்க், செக்யூராம் என்று திருட்டுத் தடுப்புப் பூட்டுகளை வைத்தார்கள். சேஃப்டிஸ்க் எப்படி வேலை செய்யும் என்றால், சி.டி.யில் சாதாரண ரைட்டரால் சரியாகப் பிரதி எடுக்க முடியாத மாதிரி சில செக்டார்களை வேண்டுமென்றே பழுதாக வைப்பார்கள். கேம் தொடங்கும்போது அந்தப் பழுது அங்கே இருக்கிறதா என்று பார்க்கும். பார்ப்பதற்கு விண்டோஸின் அடிவயிற்றில் ஒரு டிரைவர் உட்கார்ந்திருக்கும், அதன் பேர் செக்டிரைவ். சாதாரண புரோகிராமுக்கு இல்லாத அதிகாரமெல்லாம் அதற்கு உண்டு. வீட்டுக்காரனை நம்பாமல், அவன் வீட்டுக்குள்ளேயே ஒரு காவலாளியை உட்கார வைத்த கதை.

2007-ல் அந்தக் காவலாளியே ஓட்டை என்று தெரிந்தது. அந்த டிரைவரில் இருந்த பிழையைப் பிடித்துக்கொண்டு வெளியாள் கம்ப்யூட்டர் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவர முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அப்போதைக்கு அதை ஒட்டுப் போட்டது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது இந்த டிரைவருக்கு இடமே தரவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் ஒரு அப்டேட் மூலம் விஸ்டா, 7, 8 எல்லாவற்றிலும் அதை முடக்கியும் விட்டது. என்னைக் கேட்டால் மைக்ரோசாஃப்ட் செய்தது சரி. ஓட்டைக் காவலாளியை வெளியே அனுப்பத்தான் வேண்டும். ஆனால் பூட்டை வைத்து விற்ற கம்பெனிகள் என்ன செய்திருக்க வேண்டும்? பூட்டை எடுத்துவிட்டு ஒரு பேட்ச் கொடுத்திருக்க வேண்டும். சிலர் கொடுத்தார்கள். பலர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பூட்டையே அறுத்துப் போட்டிருந்த பஜார் சி.டி.க்கு இதில் ஒரு கீறலும் இல்லை. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு, பத்து வருஷம் கழித்து, திருடாதவனை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கிறது.

இதற்கு மேலும் ஒரு கூத்து உண்டு. 2008-ல் யூபிசாஃப்ட் தன் ரெயின்போ சிக்ஸ் வேகஸ் 2 கேமுக்கு ஒரு பேட்ச் விட்டது. டவுன்லோடாக வாங்கினவர்களிடமும் அது சி.டி. கேட்க ஆரம்பித்துவிட்டது. சரி செய்ய கம்பெனி ஒரு ஃபைலைக் கொடுத்தது. பிரித்துப் பார்த்தால் அது ரீலோடட் என்ற கிராக் கும்பல் செய்த ஃபைல்! 2010-ல் ஸ்டீமில் விற்ற மேக்ஸ் பெய்ன் 2-க்குள் மித் என்ற இன்னொரு கும்பலின் முத்திரை அப்படியே இருந்ததையும் கண்டுபிடித்தார்கள். தன் பூட்டைத் திறக்கத் தன்னிடமே சாவி இல்லாமல், திருடன் செய்த சாவியை வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதே சாவியை நான் வைத்திருந்தால் நான் குற்றவாளியாம். நல்லா இருக்கே நியாயம்!

உடனே பஜார்காரரைத் தியாகி ஆக்கிவிடாதீர்கள். கேமைச் செய்தவனுக்கு அவர் ஒரு பைசா கொடுத்ததில்லை. அந்த சி.டி.க்களில் பாதி வைரஸோடுதான் வரும். நான் கேட்பது சித்தப்பாவின் பில்லுக்கு என்ன மதிப்பு என்பது மட்டும்தான்.

பூட்டே இல்லாத கேமும்தான் நின்றுபோகிறதே என்பீர்கள். சரியான கேள்வி. ஆனால் அங்கேயும் "பழசு" என்பது பதில் இல்லை. காய்ச்சலோடு போனால் டாக்டர் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி ஃபீஸ் வாங்கினால் விடுவோமா? நம் ஊர் கேம் டாக்டர்கள் ரெண்டே வைத்தியம் வைத்திருக்கிறார்கள்: ரைட் கிளிக் செய்து கம்பாட்டிபிலிட்டியில் எக்ஸ்.பி.யைத் தேர்ந்தெடு, இல்லையென்றால் அட்மினாக ரன் செய். ரெண்டும் மந்திரித்த கயிறு மாதிரி. சில சமயம் பலிக்கும், ஏன் என்று கட்டினவருக்கும் தெரியாது.

முதலில் கேட்க வேண்டியது, கேம் எந்த வருஷத்தது? டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா மாதிரி பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபில் சார் வெளியே போனதும் ஓட்டின கேம்கள் டாஸ் காலத்தவை, 16 பிட் நிரல்கள். 64 பிட் விண்டோஸ் அவற்றைத் தொடாது. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆக எத்தனை கயிறு கட்டினாலும் பலிக்காது. டாஸ்பாக்ஸ் போடுங்கள். 2002-லிருந்து இருக்கிறது, இலவசம், பழைய கம்ப்யூட்டர் ஒன்றையே உங்கள் கம்ப்யூட்டருக்குள் நடித்துக் காட்டும். டாஸ் கேம் அதை நம்பி ஓடும்.

அந்தக் காலத்து டாஸ் நிரல்களில் எனக்கு ரொம்பப் பிடித்த சாவு ஒன்று உண்டு. போர்லாண்டின் டர்போ பாஸ்கலில் எழுதின பல நிரல்கள், தொடங்கும்போது "இந்த மெஷின் எவ்வளவு வேகம்?" என்று ஒரு சின்ன எண்ணிக்கை போட்டுப் பார்க்கும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போன மெஷின்களில் அந்த விடை ஒதுக்கின இடத்துக்குள் அடங்கவில்லை. "ரன்டைம் எர்ரர் 200" என்று சொல்லிவிட்டு நிரல் படுத்துவிடும். மெஷின் வேகமாக ஓடினதால் வந்த மாரடைப்பு. இதைப் போய் பழசு என்றால் என்ன அர்த்தம்? அதற்கும் யாரோ சம்பளம் வாங்காமல் ஒட்டு எழுதி, உலகம் முழுக்க இலவசமாகக் கொடுத்தார்கள்.

1995-லிருந்து 2000 வரை வந்த விண்டோஸ் கேம்களில் வேறு ரகத் தொல்லை. கேம் 32 பிட்டாக இருக்கும், இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டாக இருக்கும். வீட்டுக்குள் எல்லாம் சரி, வாசல்படிதான் உடைந்திருக்கிறது. சி.டி.யிலிருந்து ஃபைல்களை நேராக ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்தாலே சில கேம்கள் ஓடிவிடும். சில இன்ஸ்டாலர்கள் "டிஸ்கில் இடம் இல்லை" என்று அழும். உள்ளே 300 ஜி.பி. சும்மா கிடக்கும்! லாரியின் கிலோமீட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் சைபருக்குத் திரும்புமே, அதே கதை. காலி இடம் அந்த 32 பிட் பெட்டிக்குள் அடங்காமல் சுற்றிக்கொண்டு வந்து மைனஸில் நிற்கும். ஒரு ஜி.பி.யில் சின்னதாக ஒரு வர்ச்சுவல் டிஸ்க் உருவாக்கி அதைக் காட்டினால் சமாதானமாகிவிடும். பணக்காரனாக இருப்பதுதான் பிரச்சினை என்றால் ஏழையாக நடிக்க வேண்டியதுதான் :)

256 வண்ணங்களை மட்டும் வைத்துக்கொண்டு வரைந்த கேம்கள் இன்னொரு ரகம். விண்டோஸ் 7-ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போட்டவர்களுக்குத் தெரியும், புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் மாறும். கேம் ஒரு வண்ணப்பலகையை வைத்திருக்க, விண்டோஸின் டெஸ்க்டாப் நடுவில் கையை விட்டு அதைக் கலைத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை மூடிவிட்டு ஆடினால் வண்ணம் திரும்பிவிடும். இப்போது அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். சி.என்.சி.-டிரா என்றும் டிஜிவூடூ 2 என்றும் ரெண்டு கருவிகள் இருக்கின்றன. கேம் பழைய டைரக்ட்எக்ஸ் பாஷையில் பேசுவதைப் புது கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரிகிற பாஷையில் மொழிபெயர்த்துச் சொல்லும். ஒன்றிரண்டு டி.எல்.எல். ஃபைல்களை கேம் இருக்கும் ஃபோல்டரில் போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

2000-க்குப் பிந்தைய கேம்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். 2007-ல் வந்த விஸ்டாவிலிருந்து அங்கே எழுதச் சாதாரண நிரலுக்கு அனுமதி கிடையாது. கேம் தன் சேவ் ஃபைலை அங்கே வைக்கப் பார்த்துத் தடுமாறும், இல்லையென்றால் விண்டோஸ் அதை வேறு ஒரு மூலையில் ஒளித்து வைக்கும். சி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் போதும். அடுத்து, லேன் போட்டு ஆடும் கேம் டைரக்ட்பிளே கேட்டால் கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில் அது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது, டிக் அடித்து எழுப்புங்கள். மூன்றாவது, "டி3டிஎக்ஸ்9 என்னவோ டி.எல்.எல். காணவில்லை" என்று வந்தால் அந்த ஒற்றை ஃபைலைத் தேடிக் கண்ட இடத்தில் இறக்காதீர்கள். அதில் பாதி விஷம். மைக்ரோசாஃப்ட்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பு ஒன்றைப் போட்டால் அந்த வரிசை முழுக்க வந்துவிடும். நான்காவதாகவும் ஒன்று: ஆன்டிவைரஸை அணை, டிரைவர் கையெழுத்துச் சோதனையை நிறுத்து, அந்தப் பழைய செக்டிரைவ் டிரைவரையே திரும்ப ஏற்று என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். ஒரு கேமுக்காக வீட்டுக் கதவையே கழற்றி வைக்கும் வேலை அது.

இதையெல்லாம் கண்டுபிடித்தது யார்? கேமை விற்றுக் காசு பார்த்தவர்கள் இல்லை. இதற்கு 2025-ல் நடந்த ஒரு சம்பவம் போதும். ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ் பி.சி.க்கு வந்தது 2005-ல். 2024 கடைசியில் விண்டோஸ் 11-க்கு 24எச்2 என்ற அப்டேட் வந்ததும் அந்த கேமில் ஸ்கிம்மர் என்ற தண்ணீர் விமானம் காணாமல் போனது. வேறு வழியில் அதை வரவழைத்தால் ஆளைத் தூக்கி வானத்தில் எறிந்தது. எவ்வளவு உயரம் தெரியுமா? ஒன்றுக்குப் பின்னால் 31 சைபர் போட்டால் வருமே, ஏறத்தாழ அத்தனை மீட்டர். எல்லாரும் மைக்ரோசாஃப்ட்டைத் திட்டினார்கள். சைலன்ட் என்ற பெயரில் ரசிகர்களுக்காகப் பேட்ச் எழுதும் ஒருவர் உட்கார்ந்து துருவினார். கேமின் வாகனப் பட்டியலில் ஸ்கிம்மருக்கான வரியில் சக்கர அளவை எழுத விட்டுவிட்டார்கள். முந்தைய வைஸ் சிட்டியில் அது படகுக் கணக்கில் இருந்ததாம், படகுக்கு ஏது சக்கரம்? கேம் அந்தக் காலியான கட்டத்தைப் படிக்கும்போது, மேல் வரியில் இருந்த வேனுக்காகப் படித்த எண் மெமரியில் அப்படியே மிச்சம் கிடக்கும், அதையே எடுத்துக்கொள்ளும். கணக்குப்பிள்ளை லெட்ஜரில் ஒரு காலம் காலியாக இருந்தால் மேல் வரித் தொகையையே திரும்பப் படித்து டோட்டல் போட்ட மாதிரி. இருபது வருஷமாக அதிர்ஷ்டத்தில் டேலி ஆனது. புது விண்டோஸ் அந்த மெமரி இடத்தை வேறு வேலைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படுத்தியதும் மிச்சம் அழிந்தது, குட்டு உடைந்தது.

2005-லேயே இருந்த பிழை. சரி செய்தது விற்றவன் இல்லை, சம்பளமே வாங்காத ஒரு ரசிகர். அந்த வரிசை கேம்களை ரசிகர்கள் தொட்டால் கம்பெனி என்ன செய்கிறது? ஜி.டி.ஏ. 3, வைஸ் சிட்டி ரெண்டையும் பிரித்து, புது மெஷின்களில் ஓடும்படி திரும்ப எழுதின குழுவின் வேலையை டேக்-டூ 2021 பிப்ரவரியில் நோட்டீஸ் விட்டு இறக்க வைத்தது. செப்டம்பரில் வழக்கே போட்டது. அதே வருஷக் கடைசியில் பழைய மூன்று கேம்களையும் விற்பனையிலிருந்து தூக்கிவிட்டு "டெஃபினிட்டிவ்" என்று ஒன்றை இறக்கினார்கள். அது வந்த லட்சணத்துக்கு அவர்களே மன்னிப்புக் கேட்டு, பழசைத் திரும்ப விற்பனைக்கு வைப்பதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. புதுசு வாங்கு, புதுசு வாங்கு என்கிறார்களே, அந்தப் புதுசு இதுதான்.

ஈ.ஏ. கிரிக்கெட் 07-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் வந்தது. அதற்குப் பிறகு ஈ.ஏ. பி.சி.க்கு வேறு கிரிக்கெட் கேம் போடவே இல்லை. டவுன்லோடாக வாங்கவும் வழியில்லை. ஆனால் தெருவுக்குத் தெரு இன்னும் ஆடுகிறார்கள், அதுவும் ஐ.பி.எல். அணிகளோடு. ஐ.பி.எல். தொடங்கியதே 2008-ல்! ஜெர்சி, வீரர்கள் பட்டியல் எல்லாம் ரசிகர்கள் வருஷா வருஷம் மாற்றிக்கொடுப்பது. முறையாக வாங்கு என்று எனக்குப் புத்தி சொல்பவர்கள், அதை எங்கே வாங்குவது என்றும் சொல்லட்டும். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. விற்கவும் மாட்டேன், சரி செய்யவும் மாட்டேன், சரி செய்கிறவனையும் விடமாட்டேன். இதற்குப் பேர் வியாபாரமா?

இனி என் ஏரியா. பி.காம். படிக்கிறேன், எனக்குத் தெரிந்த கணக்கில் பேசுகிறேன்.

சி.டி.யில் வரும் சாஃப்ட்வேர் ஒரு பொருளா, இல்லையா? டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு, 2004. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது: பெட்டியில் போட்டு விற்கிற சாஃப்ட்வேர் சரக்குதான், விற்பனை வரி கட்டு. சரி, சரக்கு. சித்தப்பாவும் அந்த 999-ல் வரி சேர்த்தே கட்டியிருக்கிறார், பில்லில் இருக்கிறது. ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்று யாரும் படிக்காமல் அமுக்கும் அந்த நீள ஒப்பந்தத்தில் என்ன இருக்கும்? "இது உங்களுக்கு விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே தரப்படுகிறது." வரி வாங்கும்போது சரக்கு, ரிப்பேர் என்று வந்தால் உரிமம். பிசினஸ் லா பேப்பரில் 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் படித்தோமே, பிரிவு 14, வாங்கினவன் பொருளை இடையூறில்லாமல் அனுபவிக்கலாம் என்ற உள்ளார்ந்த உத்தரவாதம்... அது பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு மட்டும்தானா?

காப்புரிமைச் சட்டமும் அவர்கள் பயமுறுத்துகிற மாதிரி இல்லை. 1957-ம் வருஷத்துச் சட்டத்தின் பிரிவு 52-ஐப் படித்துப் பாருங்கள். முறையாக வைத்திருப்பவர் ஒரு கம்ப்யூட்டர் நிரலை, அது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்துவதற்காகப் பிரதி எடுக்கலாம், தழுவி மாற்றவும் செய்யலாம். கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று ஒரு பேக்கப்பும் எடுத்து வைக்கலாம். 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டு உடைப்பதைப் பற்றியது. உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால் ரெண்டு வருஷம் வரை சிறை. எண்ணம் என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். சட்டம் தடுக்காத நோக்கத்துக்காக என்றால் அந்தப் பிரிவு குறுக்கே வராது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. பூட்டைத் திறக்க இன்னொருவருக்கு உதவுகிறவர், அவர் பேர், விலாசம், நோக்கம் எல்லாம் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வேறு. எங்கள் தெரு அண்ணன் இனிமேல் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி வைக்க வேண்டியதுதான். நான் வக்கீல் இல்லை, இது என் வாசிப்பு. ஆனால் தன் சொந்த சி.டி.யைத் தன் சொந்த லேப்டாப்பில் ஓட்டப் பார்க்கிற ஆளிடம் எந்த மீறும் எண்ணத்தைக் காட்டுவார்கள்?

தேய்மானக் கணக்கும் பார்த்துவிடலாம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் வருஷத்துக்கு 40 சதவீதம், குறைந்துவரும் மதிப்பு முறையில். 999 ரூபாய் கேம் ஐந்து வருஷத்தில் 78 ரூபாய்க்கு வரும். பத்து வருஷத்தில் 6 ரூபாய். ஆனால் இந்த முறையில் மதிப்பு சைபரே ஆகாது, எங்கள் புரொபசர் இதை அழுத்திச் சொல்வார். வரி அதிகாரியே சைபர் போடாத பொருளுக்கு விற்றவன் சைபர் போடுகிறான்.

திருவொற்றியூரில் செய்த புல்லட்டுகளைப் பாருங்கள். 1970-களின் வண்டி இன்றும் டப டபவென்று எங்கள் தெருவில் போகிறது. காலடிப்பேட்டையில் எந்த மெக்கானிக் வேண்டுமானாலும் பிரிப்பார், லேத்தில் ஒரு புஷ் கடைந்து போடுவார். ஹார்பருக்குப் போகும் பழைய லேலண்டு லாரியும் அப்படித்தான். காசிமேட்டில் போட்டுக்கு இன்ஜின் மாற்றினால் எந்தக் கம்பெனியும் வந்து "நீ படகை வாங்கவில்லை, மிதக்கும் உரிமத்தைத்தான் வாங்கினாய்" என்று சொல்வதில்லை. பிரித்துச் சரி செய்தே வயிறு கழுவும் ஊர் இது. இங்கே வந்து "தூக்கிப் போடு" என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

இருபத்தைந்து வருஷம் ஒரு கம்பெனி சப்போர்ட் கொடுத்துக்கொண்டே இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, கேட்கவும் இல்லை. போகும்போது பூட்டைக் கழற்றிவிட்டுப் போ, உனக்குப் பிறகு சரி செய்கிறவன் மேல் நோட்டீஸ் விடாதே, இவ்வளவுதான் கேட்கிறேன். முடியாத காரியமும் இல்லை. ஃபால்அவுட் 3-ல் இருந்த விண்டோஸ் லைவ் பூட்டை, அந்தச் சேவை ஒழிந்து வருஷங்கள் கழித்து, 2021-ல் கம்பெனியே கழற்றியது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா எழுதின ஜோர்டன் மெக்னர் 2012-ல் பழைய ஃபிளாப்பிகள் கிடைத்ததும் அதன் மூல நிரலை எல்லாரும் படிக்க வெளியிட்டார். காசு போய்விடும் என்கிறார்களா? ஜி.ஓ.ஜி. என்ற கடை 2008-லிருந்து பூட்டில்லாத பழைய கேம்களை, டாஸ்பாக்ஸையும் உள்ளே வைத்தே, விற்றுச் சம்பாதிக்கிறது.

"விளையாட்டுதானே, இதுக்குப் போய் இவ்வளவா?" இது அடுத்த கேள்வி. யூனிகோடுக்கு முன்னால், 1990-களில் தமிழில் டைப் செய்தவர்களைக் கேளுங்கள். டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துரு. அந்த ஃபைல்களை இன்று திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் என்று சிலர் மாற்றிகள் எழுதி இலவசமாகக் கொடுத்ததால் எத்தனையோ பேர் எழுதினது பிழைத்தது. அந்த எழுத்துருக்களில் சேஃப்டிஸ்க் மாதிரி பூட்டு இருந்து, மாற்றி எழுதியவர்கள் மேல் வழக்கும் வந்திருந்தால்? ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இன்றும் ஒரு மூலையில் பழைய பெட்டி ஒன்று இருக்கிறது, டாஸில் எழுதின கணக்கு அதில் மட்டும்தான் திறக்கும். அதை அணைக்கவே பயப்படுகிறார்கள். கேமுக்கு வந்தது நாளைக்கு லெட்ஜருக்கும் வரும்.

வந்தும்விட்டது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். இப்போது பெட்டியையே தூக்கிப் போடு என்கிறார்கள். அக்காவுக்கு பிளஸ் டூ-வில் கிடைத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. தெருவில் பாதிப் பேர் அதை என்னவென்று கூடப் பார்க்காமல் அழித்தார்கள். லினக்ஸில் வைன் என்று ஒன்று 1993-லிருந்து இருக்கிறது. 64 பிட் விண்டோஸ் தொடாத 16 பிட் விண்டோஸ் நிரல்களைக் கூட அது ஓட்டும். மைக்ரோசாஃப்ட் கைவிட்டதை ஒரு பென்குயின் தூக்கிச் சுமக்கிறது, நாம் அதை டெலிட் செய்துகொண்டிருக்கிறோம்.

கடைசியாக ஒரு வேலை. வீட்டில் ஒரிஜினல் சி.டி. இருப்பவர்கள் இந்த வாரமே அதை இமேஜாக எடுத்து வையுங்கள். கடல் காற்றில் இங்கே இரும்பு கேட்டே ரெண்டு வருஷம் தாங்காது, சி.டி.யின் மேல் பூச்சு எம்மாத்திரம்? புது லேப்டாப்களில் சி.டி. டிரைவே கிடையாது, யூ.எஸ்.பி. டிரைவ் வாங்க வேண்டும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கியிருக்கிறோம். சேஃப்டிஸ்க் பூட்டு உள்ளவை சாதாரணமாகப் பிரதி எடுத்தால் எர்ரர் அடிக்கும், அந்தப் பழுது செக்டார்களால். டிரைவ் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், கெட்ட செக்டாரையும் அப்படியே படிக்கும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. டிரைவ் இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு நண்பன் வீட்டில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை எண்ணூர் போகிறது. வேண்டுமென்பவர்கள் அதற்குப் பிறகு சொல்லி வையுங்கள், பில்லையும் தேடி எடுத்து வையுங்கள்.